ஒற்றைக் கையுறை

வியாழக்கிழமைகளில் வருவாள் விஸ்மா.
லியெபாயாவின் காற்று அவளுக்கு முன்பே வந்து
கிடங்கின் தகரக் கதவை அறைந்துவிட்டுப் போயிருக்கும்.
எல்லோரும் இங்கே கொட்ட வருகிறவர்கள்.
அவள் ஒருத்திதான் கேட்க வருகிறவள்.

"ஜோடி இல்லாத கையுறை உண்டா?
கோட்டுப் பொத்தான்?
கம்பி உடைந்த குடையின் துணி?"

ஆறு வருடமாய்த் தரம் பிரிக்கிறேன்.
கண்ணாடி, காகிதம், பிளாஸ்டிக், இரும்பு.
எதிலும் சேராதவற்றுக்கு ஓரத்தில் ஒரு நீலத் தொட்டி.
'மீதி' என்போம் நாங்கள்.
அதற்குள்தான் இடுப்பு வரை குனிந்திருப்பாள்,
விழுந்த மூக்குத்திருகாணியைத் தேடுகிறவள் போல.

முதல் பொம்மையைக் காட்டியபோது
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஒரு கண் பொத்தான், ஒரு கண் பீர் பாட்டில் மூடி.
கால்கள் இரண்டும் இடது கால்கள்.
வயிற்றுக்குள் சைக்கிள் ட்யூப்.
தலை நிறையப் பழுப்பாய், பளபளப்பாய்
ஏதோ சரசரத்தது காற்றில்.

"கேசட் நாடா" என்றாள்.
"ஓயார்ஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார்.
விடிந்ததும் ரேடியோவில் கடல் வானிலையைப் பதிவுசெய்வார்.
நாற்பத்திரண்டு கேசட்.
வடமேற்குக் காற்று, அலை இரண்டு மீட்டர்,
நடுநடுவே அவர் இருமல்.
போட்டுக் கேட்க முடியவில்லை.
தூக்கி எறியவும் முடியவில்லை.
பின்னிவிட்டேன்."

அதன்பிறகு அந்தக் கூந்தலை நான் தொடவில்லை.
எந்த இழையில் இருமல் இருக்கிறதோ.

பொம்மைகள் பெருகின.
மருந்துக்கடைக் கவுண்டரில் ஒன்று,
பல் டாக்டரின் ஜன்னலில் ஒன்று,
டிராமின் கடைசி இருக்கையில்
டிக்கெட் இல்லாமல் ஒன்று.
"மனசு ஆறுகிறதா?" என்று கேட்டுவைத்தேன் ஒருநாள்.
"அதெல்லாம் தெரியாது.
கை சும்மா இருந்தால் போனை எடுக்கிறது,
அவர் எண்ணை அழுத்துகிறது.
ஊசி பிடித்த கையால் அது முடியாது."

பிப்ரவரியில், அவள் பைக்குள்
மற்ற சாமான்களோடு ஒரு கையுறையையும் போட்டேன்.
சிவப்புக் கம்பளி. அரசமரத் துளிர் அளவு.
"நேற்று வந்த மூட்டையில் கிடந்தது" என்றேன்.
எடுத்தாள். முகர்ந்தாள்.
"குப்பையில் கிடந்ததற்கு
அந்துருண்டை வாசனை வராதே."

எடைமேடையில் யாருமில்லை.
முள் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"எத்தனை வயது?"
"நாலு."
"மற்றது?"
மற்றது அவன் கையில் இருந்தது,
ஏரிப்பனி விரிசல் விட்ட அன்று.
இதை நான் சொல்லவில்லை.
அவளும் மறுபடி கேட்கவில்லை.

மூன்று வியாழன் வரவில்லை.
நான்காவதில், செய்தித்தாளில் சுற்றி ஒன்றை
என் மேஜைமேல் வைத்துவிட்டு
எதையும் கேட்காமல் போனாள்.

குடைத்துணியில் சட்டை.
இந்த முறை இரண்டு கண்ணும் ஒரே பொத்தான்,
எங்கே தேடினாளோ.
வலக்கை, ராய்டிஸின் சிவப்புக் கையுறை,
ஐந்து விரலிலும் பஞ்சு அடைத்து.
இடப்பக்கம் வெறும் சட்டைக்கை.
அதன் ஓரத்தில் நூல் கோத்த ஊசி
பாதித் தையலில் தொங்கிக்கொண்டிருந்தது.

வெகுநேரம் அதைத் திட்டினேன்.
ஊசியை, அவளை, அந்த ஏரியை.

இப்போது இரவு ஒன்றரை.
வேலைக்குப் போட்டுத் தேய்ந்த என் தோல் உறையைச்
சமையல் கத்தரியால் வெட்டி
அந்தக் கையில் வைத்துத் தைக்கிறேன்.
தோலில் ஊசி இறங்க மாட்டேன் என்கிறது.
கட்டைவிரலில் இரண்டு இடத்தில் ரத்தம்.
ஒரு கை துளியூண்டு, ஒரு கை ராட்சசக் கை.
பார்க்கச் சகிக்கவில்லை.

வெல்டா எழுந்து வந்து நிற்கிறாள்.
எட்டு வருடமாய் அலமாரியின் அந்தத் தட்டை
நாங்கள் இருவரும் சேர்ந்து திறந்ததில்லை.
சிவப்பைப் பார்க்கிறாள்.
ஒன்றும் சொல்லாமல்
மேஜை விளக்கை
என் பக்கம் கொஞ்சம் நகர்த்திவிட்டு
எதிர் நாற்காலியில் உட்காருகிறாள்.

நூல் தீரப்போகிறது.
இன்னும் சுண்டுவிரல் பாக்கி.